ஆற்று ஹெர்ரிங் ஏறுவது குறைகிறது: தூண்டில் போடுகிற நாம் என்ன செய்யலாம்?

மிஸ்டிக்_கரை (மாசசூசெட்ஸ்)

நியூ இங்கிலாந்து பக்கம் தூண்டில் போடுகிற நம்மவர்களுக்காக இந்த இழை. ஆற்றுத் தண்ணீர் 10, 11 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஏல்வைஃப் என்ற மீன் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறத் தொடங்கும். மூன்று நான்கு வாரம் கழித்து, 14 டிகிரி வாக்கில், புளூபேக் என்ற மீன் வரும். இரண்டையும் சேர்த்துத்தான் ஆற்று ஹெர்ரிங் என்கிறோம். மாசசூசெட்ஸில் 2006 முதல் இதைப் பிடிக்கவோ கையில் வைத்திருக்கவோ தடை. இத்தனை வருஷத் தடைக்குப் பிறகும் பல ஓடைகளில் மீன் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

கேட்க நினைப்பது மூன்று. தூண்டில்காரர்களைத் தடுத்துவிட்டு, கடலில் இழுவலை போடுகிறவர்களை விட்டுவிட்டார்கள் என்ற பேச்சில் எவ்வளவு உண்மை? ஹெர்ரிங்கைத் தின்கிற பெரிய மீனான ஸ்ட்ரைப்பர் பெருகியதால்தான் ஹெர்ரிங் குறைந்தது என்பது சரியா? கரையில் நிற்கிற நாம் உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன? கோபத்தை எல்லோரும் கொட்டுகிறோம். இங்கே தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

---

பழைய_தூண்டில் (மெயின்)

முதலில் கணக்கைப் பார்ப்போம். வணிகப் பிடிப்பு உச்சத்தில் இருந்தது 1960களின் கடைசியில். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சரசரவென்று இறங்கியது. அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் 2012ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் பிடிபட்டது உச்சத்தில் 3 சதவீதம்கூட இல்லை. முடிவு சொல்லும் அளவுக்குத் தரவு இருந்தது 24 ஆறுகளின் மீன் கூட்டங்களுக்குத்தான். அதில் 23 பழைய நிலையிலிருந்து தேய்ந்தவை, ஒன்றே ஒன்று ஏறுமுகம். 2017லும் 2024லும் திரும்பப் பார்த்தபோதும் கடற்கரை முழுமைக்கும் 'தேய்ந்த நிலை' என்ற முடிவு மாறவில்லை.

தடைகளின் வரிசை: கனெக்டிகட் 2002, மாசசூசெட்ஸும் ரோட் ஐலண்டும் 2006, வட கரோலினா 2007. அதன்பின் 2012 ஜனவரி முதல் ஆணையத்தின் விதி எல்லா மாநிலங்களுக்கும் வந்தது: மீன் தாங்கும் என்று கணக்கோடு ஒரு திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்காத ஆற்றில் வணிகமும் கூடாது, தூண்டிலும் கூடாது. இங்கே மெயினில் திட்டம் உள்ள ஆறுகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மீன். நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஆளுக்கு 10, படகுக்கு 50, இரண்டில் எது குறைவோ அது. போகும் முன் அந்த வருஷத்து விதியைப் பாருங்கள். ஆற்றுக்கு ஆறு, கிழமைக்குக் கிழமை மாறும்.

தடை உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு அடையாளம் தெரிந்தே ஆக வேண்டும். ஒதுங்கிய மீனைக் கையில் எடுத்தால் முதலில் வயிற்றின் விளிம்பில் வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். ரம்பப் பல் போல் கீறினால் ஆற்று ஹெர்ரிங் குடும்பம். கடல் ஹெர்ரிங்குக்கு அந்த விளிம்பு மழுக்கையாக இருக்கும். மென்ஹேடனுக்குத் தலை பெரிது, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலையே இருக்கும், செவுளுக்குப் பின்னால் பெரிய கரும்புள்ளியும் அதை ஒட்டிச் சிறு புள்ளிகளும் உண்டு. ஆற்று ஹெர்ரிங்குக்கு ஒரே புள்ளிதான். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நன்றாகத் துருத்திக்கொண்டிருந்தால் ஹிக்கரி ஷேட். ஏல்வைஃபையும் புளூபேக்கையும் வெளியிலிருந்து பிரிப்பது கஷ்டம். ஏல்வைஃபின் கண் விட்டம் மூக்கு நீளத்தைவிடப் பெரிது. செத்த மீனை அறுத்துப் பார்த்தால் சந்தேகமே வராது: வயிற்றின் உட்சவ்வு ஏல்வைஃபில் வெளிர் சாம்பல், புளூபேக்கில் கரி போலக் கறுப்பு.

---

ஏரிமீன் (மிச்சிகன்)

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பெரிய ஏரிகளில் ஏல்வைஃப் என்றாலே தொல்லை. 1960களில் கரை முழுக்கச் செத்து ஒதுங்கியது. அதைத் தின்னத்தான் 1966ல் பசிபிக் சால்மனைக் கொண்டுவந்து மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். அதே மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று அங்கே பேசுகிறீர்களே?

---

நீரியல்_செல்வி (கனெக்டிகட்)

நியாயமான கேள்விதான். இனம் ஒன்று, ஆனால் வாழ்க்கை வேறு. உங்கள் ஏரிகளில் அது வந்தேறி. கடலுக்குப் போக வழியில்லாமல் வருஷம் முழுக்க ஏரியிலேயே கிடந்து மிதவை உயிர்களைத் தின்றுகொண்டே இருக்கும். கனெக்டிகட்டிலும் அணைகளால் அடைபட்டு ஏரிக்குள்ளேயே தங்கிவிட்ட கூட்டங்கள் உண்டு. அந்த ஏரிகளில் பெரிய மிதவை உயிர்கள் அழிந்து சின்னவை மட்டும் மிஞ்சின என்பதை 1965லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள்.

கடலிலிருந்து ஏறி வருகிற ஏல்வைஃப் அப்படி இல்லை. பெரிய மீன் வந்து முட்டையிட்டுச் சில வாரங்களில் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் ஜூலையிலிருந்து நவம்பருக்குள் வெளியேறும். போகும்போது ஏரியில் தின்று சேர்த்த பாஸ்பரஸையும் உடம்போடு எடுத்துப் போகும். மெயினில் ஜார்ஜ் ஏரியில் பத்து வருஷம் இதைப் பார்த்தார்கள். ஏக்கருக்கு 6 பெரிய மீன் என்ற கணக்கில் விட்டபோது அங்கிருந்த மற்ற மீன்களுக்குப் பாதிப்பு தெரியவில்லை. மிச்சிகன் அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்தினால் விபரீதமாகும். ஒரு ஆற்றில் அந்த விபரீதம் நடந்தும் இருக்கிறது.

---

ஃபண்டி_கரை (நியூ பிரன்ஸ்விக்)

செல்வி அக்கா சொல்லுற ஆறு செயின்ட் குரோய். மெயினுக்கும் எங்கட மாகாணத்துக்கும் நடுவில எல்லையா ஓடுற ஆறு. ஏல்வைஃபை எங்கட பக்கம் கேஸ்பரோ எண்டு சொல்லுவினம். தூண்டில் போடுற ஒவ்வொருத்தரும் இந்தக் கதையை அறிஞ்சிருக்க வேணும். ஏனெண்டால் அந்த ஆத்தை மூட வைச்சதே தூண்டில்காரர்தான்.

1987ல அந்த ஆத்தில ஏறினது 26 லட்சம் மீன். அதே காலத்தில மேல ஸ்பெட்னிக் ஏரியில சின்னவாய் பாஸ் எண்ட மீன் குறைஞ்சு போச்சு. மீன்பிடி வழிகாட்டிகளும் பாஸ் பிடிக்கிற ஆக்களும் 'ஏல்வைஃப்தான் பாஸ் குஞ்சுகளை இல்லாமல் செய்யுது' எண்டு முடிவு கட்டிச்சினம். ஏரியின்ர நீர்மட்டத்தைக் கண்டபடி இறக்கினதைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கேல்ல. 1995ல மெயின் சட்டமன்றம் வுட்லண்ட், கிராண்ட் ஃபால்ஸ் எண்ட இரண்டு அணையிலயும் மீன் ஏறிப் போறதுக்கு இருந்த மீன்வழிகளை ஏல்வைஃபுக்கு அடைக்கச் சொல்லிச் சட்டம் போட்டுது. 2002ல ஏறினது வெறும் 900. திரும்பவும் சொல்லுறன்: 26 லட்சத்தில இருந்து 900. அந்த இனம் அடியோட போகாமல் இருக்கிறதுக்கு கனடாப் பக்கம் மீனை லொறியில ஏத்தி வுட்லண்ட் அணைக்கு மேல கொண்டுபோய் விட்டவை.

பிறகு செய்த ஆய்வுகளில ஏல்வைஃபால பாஸ் குறைஞ்சதுக்கு ஆதாரம் கிடைக்கேல்ல. மெயினில வேற எத்தினையோ ஏரியில இரண்டும் ஒண்டா இருக்குது. 2008ல வுட்லண்டைத் திறந்திச்சினம். அந்த ஆத்துப் பழங்குடியான பசமகுவாடி மக்கள் விடாமல் நிண்டதால 2013ல சட்டத்தை மாத்திக் கிராண்ட் ஃபால்ஸும் திறந்தாச்சு. 2023ல கடல்வாயில இருந்த மில்டவுன் அணையை உடைக்கத் தொடங்கிச்சினம். இப்ப மீன் திரும்ப வருது, ஆனால் இழந்த பதினெட்டு வருசத்தை ஆர் குடுக்கிறது?

அதால ஸ்ட்ரைப்பர், சீல், நீர்க்காகம் எண்டு கை காட்ட முன்னம் உங்கட ஆத்துக் கணக்கை வடிவாப் பாருங்கோ.

---

கடற்கரை_வாடி (ரோட் ஐலண்ட்)

ஃபண்டி சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஸ்ட்ரைப்பர் பேச்சு ஆதாரமே இல்லாத பேச்சு கிடையாது. கனெக்டிகட் ஆற்றில் ஹோலியோக் அணையில், மீனை மேலே தூக்கிவிடுகிற மீன்தூக்கியில் 1985ல் 6 லட்சத்துக்கு மேல் புளூபேக் ஏறியது. 2000களின் நடுவில் சில டஜன்தான். ஸ்ட்ரைப்பர் மீண்டுவிட்டது என்று அறிவித்தது 1995ல். அதாவது ஒன்று ஏற, மற்றது இறங்கியது. கனெக்டிகட் மாநில உயிரியலாளர்களே இந்தத் தொடர்பை எழுதியிருக்கிறார்கள். மே மாதம் அணைக்கடியில் தேங்கி நிற்கிற ஹெர்ரிங் கூட்டத்தில் 30 அங்குல ஸ்ட்ரைப்பர் புகுந்தால் என்ன ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

---

பழைய_தூண்டில்

வாடி தம்பி, நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள். 'அணைக்கடியில் தேங்கி நிற்கிற' என்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் விஷயம். தடையில்லாமல் ஏறிப்போகிற கூட்டத்தை ஸ்ட்ரைப்பர் வழியில் கொறிக்கும், அவ்வளவுதான். நாள் கணக்கில் ஒரே குழியில் நிற்க வைத்தால் கொள்ளையடிக்கும்.

மெயினில் கென்னபெக் ஆற்றைப் பாருங்கள். 1999ல் அகஸ்டாவில் எட்வர்ட்ஸ் அணையை உடைத்தார்கள். 2008ல் கிளையாறான செபாஸ்டிகுக்கில் ஃபோர்ட் ஹாலிஃபாக்ஸ் அணையும் போனது. அந்த ஆற்றிலும் ஸ்ட்ரைப்பர் உண்டு, சீல் உண்டு, கழுகு கூட்டம் கூட்டமாக வரும். இருந்தும் பென்டன் ஃபால்ஸ் மீன்தூக்கியில் சில ஆண்டுகளில் 30 லட்சத்துக்கு மேல் ஏல்வைஃப் எண்ணியிருக்கிறார்கள். பெனாப்ஸ்காட் ஆற்றிலும் அப்படித்தான்: கிரேட் வொர்க்ஸ் 2012, வீசி 2013 என்று இரண்டு அணை போனதும், சில ஆயிரமாக இருந்தது லட்சங்களுக்கு ஏறியது. தின்கிற வாய் அதேதான் இருந்தது. வழி திறந்தது, மீன் வந்தது.

அதோடு ஸ்ட்ரைப்பரே இன்று நல்ல நிலையில் இல்லை. 2018 மதிப்பீட்டிலேயே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட நிலை என்று வந்துவிட்டது. 2023 மே முதல் 28லிருந்து 31 அங்குலத்துக்குள் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மீன்தான் எடுக்கலாம். ஹெர்ரிங்கைக் காக்க ஸ்ட்ரைப்பரைக் கொல்லலாம் என்று யாராவது கிளம்பினால் இரண்டும் போகும்.

இழுவலை விஷயம். மிஸ்டிக் கேட்டதில் பாதி உண்மை உண்டு. கடல் ஹெர்ரிங்குக்கும் கானாங்கெளுத்திக்கும் நடுநீர் இழுவலை போடும்போது ஆற்று ஹெர்ரிங்கும் கூடவே மாட்டும். குளிர்காலத்தில் இந்த மீன்கள் கடலில் கலந்து திரிவதால் ஒரே இழுப்பில் ஒரு சின்ன ஓடையின் கூட்டமே போய்விட வாய்ப்பு உண்டு. மரபணுவை வைத்துப் பார்த்த ஆய்வில், இப்படி மாட்டும் ஏல்வைஃப் அதிகமும் தெற்கு நியூ இங்கிலாந்து ஓடைகளைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஏற்கெனவே நொந்து கிடக்கிற கூட்டங்கள் அவை.

'விட்டுவிட்டார்கள்' என்பது மட்டும் சரியில்லை. 2014 முதல் இப்படிக் கூடவே மாட்டுகிற பிடிப்புக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்டால் அந்தப் பகுதியில் ஒரு படகு பிடிக்கலாம் என்ற அளவை வெட்டுவார்கள். கரையோரம் 12 கடல்மைலுக்குள் நடுநீர் இழுவலை கூடாது என்ற விதி 2021ல் நடைமுறைக்கு வந்தது. 2022ல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. உச்சவரம்பின் உண்மையான பலவீனம் ஆற்றைப் பிரித்துப் பார்க்காததுதான். மொத்த எடைக்குத்தான் வரம்பு. 10 லட்சம் மீன் ஏறும் ஆற்றிலிருந்து 2,000 போவதும், 3,000 ஏறும் ஓடையிலிருந்து 2,000 போவதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். பொது விசாரணைக்குக் கருத்து எழுதும்போது இதை எழுதுங்கள். 'இழுவலையைத் தடை செய்' என்று ஒரு வரி போடுவதைவிட, எந்த மாதம், எந்தப் பகுதி, உங்கள் ஓடையில் ஏறிய எண்ணிக்கை எவ்வளவு என்று எழுதினால்தான் கோப்பில் நிற்கும்.

---

மிஸ்டிக்_கரை

நன்றி அண்ணா. அந்த 'எண்ணிக்கை எவ்வளவு' என்பதில்தான் பல ஓடைகளில் சிக்கல். தன்னார்வலர்கள் எண்ணுவதை ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்கிறார்கள். மீன் வருகிற நேரம் பார்த்துப் போய் எண்ணுவதை எப்படித் தடுப்பது?

---

நீரியல்_செல்வி

எண்ணிக்கையைக் கெடுப்பதே அந்தப் பழக்கம்தான். மாசசூசெட்ஸ் முறை எளிது. காலை 7 முதல் மாலை 7 வரை பன்னிரண்டு மணி நேரத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: 7 முதல் 11, 11 முதல் 3, 3 முதல் 7. ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் வீதம் மூன்று முறை எண்ண வேண்டும். எந்தப் பத்து நிமிடம் என்பது தற்செயலாக அமைய வேண்டும். 'இப்போது மீன் ஏறுது, வாங்க' என்று குழுவில் செய்தி பார்த்துவிட்டு ஓடிவந்து எண்ணினால் அந்த எண் கணக்குக்கு உதவாது.

உதாரணம்: ஒரு நாளில் பத்து நிமிடச் சராசரி காலையில் 4, நடுப்பகலில் 15, மாலையில் 11 என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் 24 பத்து நிமிடங்கள் உண்டு. 96, 360, 264 சேர்த்தால் அன்றைக்கு 720 மீன். நடுப்பகலில் மட்டும் வந்து எண்ணிய 15ஐ முழு நாளைக்கும் பெருக்கினால் 1,080 வரும். ஐம்பது சதவீதம் கூடுதல். அடுத்த வருஷம் எல்லோரும் ஒழுங்காக எண்ணினால் 'மீன் விழுந்துவிட்டது' என்று தோன்றும், உண்மையில் விழுந்திருக்காது.

இன்னும் சில. பூஜ்யத்தை எழுதாமல் விடக் கூடாது. மீனே இல்லாத பத்து நிமிடமும் தரவுதான். கீழே திரும்பி வருகிற மீனைக் கழிக்க வேண்டும். எண்ணும் இடம், மீன் அணையைத் தாண்டி ஏறக் கட்டிய படியின் மேல் வாயில் இருக்கட்டும், கீழ் வாயில் மீன் உள்ளே போய்ப் போய்த் திரும்பும். அடியில் வெள்ளைப் பலகை பதித்தால் முதுகு தெரியும். போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். தண்ணீர் வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஒரே இரவில் மூன்று டிகிரி இறங்கினால் ஏற்றம் நின்றுவிடும். அதைப் பார்த்து 'இந்த வருஷம் அவ்வளவுதான்' என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்றும் முக்கியம். மீன் மூன்று முதல் ஐந்து வயதில்தான் முட்டையிடத் திரும்பும். இன்று ஓடையில் குறைவாக இருந்தால் இந்த வசந்தத்தில் காரணம் தேடாதீர்கள், நான்கு வருஷம் பின்னால் போய்ப் பாருங்கள். 2016லும் 2022லும் மாசசூசெட்ஸில் கடும் வறட்சி. ஏரிகளின் வெளிவாயில் தண்ணீரே வழியாத இடங்களில் குஞ்சுகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதன் அடி பல வருஷம் கழித்துத்தான் எண்ணிக்கையில் தெரியும்.

---

காவிரி_உல்லம் (திருச்சி)

இங்கிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நம் உல்லமும் இதே குடும்பம்தான். காவிரியில் கடலிலிருந்து ஏறி முட்டையிட்ட மீன். 1934ல் மேட்டூர் அணை எழுந்ததும் அதற்கு மேலே போகிற வழி முழுதாக அடைபட்டது. கீழே கடைமடையில் தண்ணீர் கடலுக்குப் போகிற நாளும் குறைந்துபோனது. அங்கே மீன்படி வைத்து ஏற்றுகிறார்கள் என்பதைக் கேட்க ஏக்கமாக இருக்கிறது. அந்தப் படி எப்படி வேலை செய்கிறது, எங்கே கெடுகிறது என்று யாராவது விரிவாக எழுதுங்கள்.

---

நீரியல்_செல்வி

எழுதுகிறேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: ஹெர்ரிங் சால்மன் போலத் தாவாது. நீந்தித்தான் ஏறும். தொட்டித் தொட்டியாகக் கட்டுகிற படியில் ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் நீர்மட்ட வித்தியாசம் ஒரு அடியைத் தாண்டக் கூடாது. ஒன்பது அங்குலம் என்றால் நிம்மதி.

சாய்வான கால்வாயில் தடுப்புச் சட்டங்கள் வைத்துக் கட்டுவது டெனில் வகை. சாய்வு பெரும்பாலும் ஆறடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம், அல்லது எட்டடிக்கு ஓரடி. 6லிருந்து 9 அடி உயரம் ஏறியதும் ஒரு ஓய்வுத் தொட்டி வேண்டும். அதைவிடச் சிறியது அலாஸ்கா ஸ்டீப்பாஸ். அலுமினியத்தில் துண்டு துண்டாக வரும், சின்ன ஓடை அணைகளுக்கு ஏற்றது.

கெடுவது எங்கே என்றால், பெரும்பாலும் குப்பையில்தான். டெனில் சட்டம் ஒவ்வொன்றும் மேலே அகன்று கீழே குறுகிய இடைவெளி விட்டிருக்கும். அந்தக் குறுகல்தான் தண்ணீரைச் சுழற்றி வேகத்தைக் கொல்கிறது. அதன் அடியில் ஒரு கைத்தடி நீளக் கிளை குறுக்கே மாட்டினால் இலையும் சருகும் அதில் படிந்து ஒரே நாளில் பாய் போலாகிவிடும். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் வழக்கம் போலத்தான் வழியும். உள்ளே அந்த ஒரு சட்டத்தில் மட்டும் வேகம் எகிறியிருக்கும். மீன் அதுவரை வந்து, தள்ளப்பட்டுத் திரும்பும். செதில் உதிர்ந்து பக்கவாட்டில் சாம்பல் நிறத் திட்டோடு கீழே மீன்கள் சுற்றினால் மேலே எங்கோ அடைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் மீன் வருவதற்கு முன் ஒரு முறை முழுதாகச் சுத்தம், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு பார்வை. படியில் கை வைக்கும் முன் உரிமையாளரிடமும் மாநிலத் துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும். தனியாக இறங்கவே கூடாது, அந்த இடைவெளியில் கால் மாட்டினால் எடுக்க முடியாது.

அடுத்து, மீன் படிக்குள் நுழைகிற வாய். மீன் எந்தப் பக்கம் நீரோட்டம் பலமாக இருக்கிறதோ அங்கேதான் போய் முட்டும். படி இடது கரையில் இருந்து, அணைக்கு மேல் வழியும் தண்ணீர் முழுக்க வலது பக்கம் விழுந்தால் கூட்டம் வலது பக்கமே நிற்கும். ஸ்ட்ரைப்பருக்கு விருந்து அங்கேதான். ஏற்றக் காலத்தில் அணையின் தடுப்புப் பலகைகளை மாற்றி வைத்துத் தண்ணீரைப் படிப் பக்கம் திருப்பினால் போதும், கான்கிரீட் வேலையே வேண்டாம்.

சாலைக்கு அடியில் போகிற குழாய்ப்பாலங்களையும் கவனியுங்கள். குழாயின் கீழ்முனை ஆற்று மட்டத்துக்கு மேலே தொங்கினால் ஹெர்ரிங்குக்கு அது சுவர்தான். ஒரு டேப்பும் செல்போன் படமும் போதும்: குழாய் அடிக்கும் கீழ் நீர்மட்டத்துக்கும் இடையே எத்தனை அங்குலம், குழாய்க்குள் நீர் ஆழம் எவ்வளவு, குழாயின் நீளம். இந்த மூன்றையும் தேதியோடு நகராட்சிக்கு அனுப்புங்கள்.

---

கடற்கரை_வாடி

செல்வி அக்கா சொன்ன 'வலது பக்கம் நிற்கும் கூட்டம்' விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. ஸ்ட்ரைப்பர் வாதத்தில் அணையின் பங்கைக் குறைத்துத்தான் பார்த்திருக்கிறோம்.

தூண்டில்காரர்கள் பக்கம் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். மீன்படி வாய்க்கு மிக அருகில் ஸ்ட்ரைப்பருக்குப் போடுவதை விடுவோம். பல இடங்களில் விதியே உண்டு. விதி இல்லாத இடத்திலும் கயிறும் காலும் மீன் கூட்டத்தைக் கலைக்கும். பல முள் கோத்த சபிக்கி கயிறை ஏற்றக் காலத்தில் அங்கே கொண்டுபோகவே வேண்டாம். 'மாட்டினால் விட்டுவிடுவேன்' என்று சொல்லலாம், ஆனால் ஹெர்ரிங்குக்குச் செதில் தளர்வு. கையில் பிடித்தாலே கொட்டும், பிறகு பிழைப்பது அரிது.

இரை வேண்டுமென்றால் மென்ஹேடன், கானாங்கெளுத்தி, விலாங்கு இருக்கிறது. இயற்கை இரைக்கு வட்ட முள் கட்டாயம். செயற்கை இரையில் ஹெர்ரிங்கைப் போலச் செய்ய 7லிருந்து 9 அங்குல நீச்சல் இரை போதும். முதுகு நீலம் கலந்த பச்சை, பக்கம் வெள்ளி. மும்முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டி, எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிடுங்கள். ஆற்றுவாயில் நீர் இறங்கும்போது நீரோட்டத்துக்குக் குறுக்கே போட்டு மெதுவாகச் சுற்றினால் உயிருள்ள ஹெர்ரிங் இல்லாமலே ஸ்ட்ரைப்பர் வரும்.

---

பழைய_தூண்டில்

ஒரு கணக்கு சேர்க்கிறேன், எத்தனை மீன் 'போதும்' என்ற கேள்விக்கு. மெயினில் பயன்படுத்துகிற அளவு: முட்டையிடும் ஏரியின் பரப்பில் ஏக்கருக்கு 235 மீன் வரை திரும்பலாம், குறைந்தது 35 மேலே போயே ஆக வேண்டும். 100 ஏக்கர் ஏரி என்றால் 3,500க்குக் கீழே போனால் அபாயம், 23,500 வரை ஏற இடம் உண்டு. உங்கள் ஓடையின் எண்ணிக்கையை இதோடு வைத்துப் பாருங்கள். 4,000 வந்தது என்று ஊர் கொண்டாடும், ஏரி 400 ஏக்கராக இருந்தால் அது கொண்டாட வேண்டிய எண்ணிக்கை இல்லை. நகர்மன்றத்தில் பேசும்போது இந்த ஒப்பீடு உடனே புரியும்.

---

மிஸ்டிக்_கரை

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். இலையுதிர் காலத்தில் குஞ்சு இறங்கும்போது அணைக்கு மேல் தண்ணீர் ஒரு விரல் அளவுக்கூட வழிவதில்லை. அப்போது என்ன செய்வது?

---

நீரியல்_செல்வி

தண்ணீரைக் கூட்ட முடியாது, குவிக்கலாம். 20 அடி அகல அணை விளிம்பில் பரவலாக வழிகிறபோது முக்கால் அங்குலம்தான் ஆழம் என்று வையுங்கள். 5 முதல் 10 சென்டிமீட்டர் குஞ்சு அதில் இறங்கத் தயங்கும், இறங்கினால் கான்கிரீட்டில் உரசிச் சாகும். அதே தண்ணீரை ஒரு அடி அகலக் காடி (விளிம்பில் வெட்டிய பள்ளம்) வழியாக மட்டும் விட்டால் ஏறக்குறைய ஆறு அங்குல ஆழம் கிடைக்கும். நொடிக்கு ஒரு கன அடிக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர் இதற்குப் போதும். தடுப்புப் பலகையில் ஒன்றைக் காடி வெட்டியதாக மாற்றி, மற்றவற்றை இரண்டு அங்குலம் உயர்த்தினால் வேலை முடிந்தது.

காடியின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெட்டாதீர்கள். கீழே பாறைக் குவியல் என்றால் குவித்து விட்டதே குஞ்சுக்கு எமனாகும். விழும் இடத்தில் குழி வேண்டும்: விழும் உயரத்தில் கால் பங்கு அல்லது 4 அடி, இரண்டில் எது அதிகமோ அது. ஆகஸ்டுக்குள் வைத்துவிட்டு நவம்பர் கடைசி வரை எடுக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் குஞ்சு கூட்டமாக இறங்கும், அன்றைக்குத்தான் காடி இலையால் அடைபடும். பீவர் உள்ள ஓடை என்றால் வாரம் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். அணை யாருடையது, பலகையை நகர்த்தும் பொறுப்பு யாரிடம் என்பதை ஏப்ரலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். செப்டம்பரில் கேட்டால் பதில் வரும்போது குளம் உறைந்திருக்கும்.